எதிர் வேட்பாளர்

விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சோற்றுக்கு வரிசை நின்றது. சபாரத்தினம் காகிதத் தட்டைப் பிடித்தபடி, யாரும் தன்னை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது.

"எம்.பி. ஐயா, உம்மட்டைத் தேர்தலில தோத்துக் கட்டுக்காசு இழந்தவன் ஒருத்தன் பசியோட நிக்கிறன். கொஞ்சம் முன்னுக்கு விடுவீரோ?"

திரும்பிப் பார்த்தார். தியாகராஜா நின்றார். தலை முழுதும் நரைத்து, கம்பளிக் கோட்டுக்குள் பாதியாகச் சுருங்கியிருந்தார். ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் மாறவில்லை. 1977 பொதுத் தேர்தலில் சபாரத்தினத்தை எதிர்த்து நின்றபோது மேடைக்கு மேடை அவர் சிரித்த அதே சிரிப்பு.

இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் ஒரே நீதிமன்றத்தில் வழக்காடிய அப்புக்காத்துமார். கட்சிகள்தான் வேறு வேறு. தேர்தலில் சபாரத்தினம் மாலைகளுக்குள் முகம் தெரியாத அளவுக்கு வென்றார். தியாகராஜாவுக்குத் தேர்தலில் நிற்கக் கட்டிய கட்டுக்காசும் திரும்பி வரவில்லை. மறுவருடம் அவருடைய மனைவி இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. ஊரில் இருக்க மனமில்லாமல் லண்டனுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் சந்தித்ததில்லை.

சபாரத்தினம் ஆறு வருடங்கள் பாராளுமன்றத்தில் இருந்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று ஒவ்வோர் உறுப்பினரும் சத்தியம் செய்ய வேண்டும் என்றது அந்தச் சட்டம். சபாரத்தினமும் அவருடைய கட்சிக்காரரும் சத்தியம் செய்யவில்லை. ஆசனம் போயிற்று. அடுத்த வருடம், 1984இல், மனைவி தவநாயகியோடு அவர் லண்டன் வந்து சேர்ந்தார். விம்பிள்டனில் ஒரு மாடி அறையும் சமைக்க ஒரு குசினியும் வாடகைக்குக் கிடைத்தன. தவநாயகி ஆஸ்பத்திரி லோன்றியில் துணி வெளுக்கும் வேலைக்குச் சேர்ந்தார்.

"நீர் இப்ப என்ன செய்யிறீர்?" என்று தியாகராஜா கேட்டார்.

"ஒரு கொம்பனியில," என்று சொல்லிவிட்டுச் சபாரத்தினம் சோற்றைப் பார்த்தார்.

கொம்பனி என்றது ஒரு பெற்றோல் நிலையம். ஐம்பத்தேழு வயதில், ஆங்கிலச் சட்டப் பரீட்சைகளை முதலிலிருந்து எழுத அவருக்கு மனமும் இல்லை, வழியும் இல்லை. சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, சிகரெட்டும் சொக்லேட்டும் எடுத்துக் கொடுத்தார். சனங்கள் அவருடைய பெயரைச் சொல்ல முயன்று, முடியாமல், 'சாம்' என்று கூப்பிட்டார்கள்.

தியாகராஜா அதை எப்படியோ அறிந்துகொண்டார். அடுத்த வாரம் ஒரு பழைய ஃபோர்ட் காரைக் கொண்டுவந்து பம்புக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றதும் சபாரத்தினத்தின் கை தானாகத் தொப்பிக்குப் போனது. கழற்றவா விடவா என்று தெரியாமல் கை அப்படியே நின்றது.

தியாகராஜா சிரிக்கவில்லை. "எத்தினை மணிக்கு ஷிப்ட் முடியுது?" என்று மட்டும் கேட்டார்.

முடியும் வரைக்கும் காருக்குள் இருந்தார். மழை பிடித்துக்கொண்டது. சபாரத்தினம் வெளியே வந்ததும் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறும். பஸ்ஸில நனையாதையும்."

கார் கொஞ்சத் தூரம் போன பிறகு தியாகராஜா விஷயத்தைச் சொன்னார். ஹவுன்ஸ்லோவில் பீற்றர் என்ற வெள்ளைக்கார சொலிசிட்டர் ஒருவரிடம் அவர் கிளார்க்காக இருந்தார். ஹீத்ரோவில் வந்து இறங்கும் தமிழர்களின் அகதி வழக்குகள் அங்கே குவிந்துகொண்டிருந்தன. அவர்களுடைய வாக்குமூலங்களைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுத ஆள் தேவைப்பட்டது.

"உமக்குக் கீழயோ?" என்று சபாரத்தினம் கேட்டார். கேட்ட பிறகு அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

"எனக்குக் கீழ இல்லையப்பா, எனக்குப் பக்கத்தில. அங்க ஒரு மேசைதான் கிடக்கு. நீர் அங்கால் பக்கம் இரும், நான் இஞ்சால் பக்கம் இருக்கிறன்."

அன்றிரவு தவநாயகி முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "தியாகராஜா அண்ணை தனிய இருக்கிறாரோ? அப்ப ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லுங்கோ," என்றார்.

அந்த ஞாயிறு வந்தவர் அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை.

* * *

பீற்றரின் கந்தோர் ஹவுன்ஸ்லோ கடைத்தெருவில் ஒரு கம்பளக் கடைக்கு மேலே இருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தலைக்கு மேலே விமானம் இறங்கும். அப்போது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

ஒரே மேசையில் இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள். சபாரத்தினத்தின் வாக்குமூலங்கள் மேடைப் பேச்சுப்போல நீண்டன. தியாகராஜா சிவப்புப் பேனாவோடு இருந்தார்.

"'வரலாற்றின் கொடிய கரங்கள்' எண்டு எழுதியிருக்கிறீர். ஆரப்பா அந்தக் கரங்களைக் கண்டது?"

"அது ஒரு உருவகம்."

"இந்தப் பிள்ளை கண்டது ஒரு ஜீப்பையும் நாலு பேரையும். அதை எழுதும். இது பாராளுமன்றமில்லை."

சபாரத்தினம் கோபித்துக்கொண்டு ஜன்னலுக்குப் போவார். அங்கே நின்று தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்து அந்த வரியை வெட்டுவார். பின்னேரம் ஹவுன்ஸ்லோவிலிருந்து விம்பிள்டனுக்கு பஸ்ஸில் போகும்போது, வெட்டிய வரிகளை நினைத்துப் பார்த்துத் தனக்குள் சிரிப்பார். தேர்தலில் தோற்றிருந்தால் தான் இந்த மனிதனைப்போல வந்து கதவைத் திறந்துவிட்டிருப்பேனா என்று ஒருநாள் தவநாயகியிடம் கேட்டார்.

"நீங்கள் காரையே நிப்பாட்டியிருக்க மாட்டியள்," என்றார் தவநாயகி.

1988இல் செல்வமலரின் வழக்கு வந்தது. அவள் சபாரத்தினத்தின் பழைய தொகுதியைச் சேர்ந்த பெண், ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. படிப்புக்காக லண்டன் வந்திருந்த நேரத்தில் ஊரில் கணவனை இராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. விசா முடிந்ததும் அகதியாகத் தங்க விண்ணப்பித்தாள். உள்துறை அமைச்சு மறுத்துவிட்டது. பீற்றர் அப்பீல் செய்தார். பிடிபட்டவர்களின் கதி என்ன என்று சொல்லத் தகுந்த சாட்சியாகச் சபாரத்தினத்தைக் கூப்பிட்டார். பாராளுமன்ற உறுப்பினராக இருந்தபோது அவர் இராணுவ முகாம்களுக்குப் போய்க் கைதிகளை நேரில் பார்த்தவர்.

வாழ்நாள் முழுதும் கேள்வி கேட்டவர், அன்றுதான் முதல்முறை சாட்சியின் நாற்காலியில் இருந்தார். பீற்றர் கேட்டதற்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னார். சொற்களை எண்ணி எண்ணிச் சொன்னார். அதற்குப் பிறகு அமைச்சின் சார்பில் வாதாடிய இளம் பெண் எழுந்தாள். அவள் கையில் ஒரு பிரதி இருந்தது. அவசரகாலச் சட்டத்தை எதிர்த்து அவர் கொழும்பில் ஆற்றிய பேச்சு அது.

"'எங்கள் தொகுதி அமைதியாக இருக்கிறது. அங்கே மக்கள் பயமின்றி வாழ்கிறார்கள்.' இது உங்களுடைய பேச்சுத்தானே?"

"என்னுடையதுதான். அந்த வருடம் அங்கே அவசரகாலச் சட்டம் தேவையில்லை என்று சொல்வதற்காக..."

"அன்று அமைதி தேவைப்பட்டது, அமைதி என்றீர்கள். இன்று ஆபத்து தேவைப்படுகிறது, ஆபத்து என்கிறீர்கள். தேவைக்கு ஏற்றபடி பேசுவதுதானே அரசியல்வாதியின் தொழில்?"

சபாரத்தினம் அந்தப் பிரதியைப் பார்த்தார். அவள் சொன்னதில் ஒரு துண்டு உண்மை இருந்தது. அந்தப் பேச்சைப் பேசிய நாளில் தொகுதியில் பயம் இருந்தது. அதை அறிந்துகொண்டேதான் அவர் அப்படிப் பேசியிருந்தார். முன்வரிசையில் இருந்த செல்வமலர் மடியில் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஆம்," என்றார் ஆங்கிலத்தில். "அன்றைக்கு நான் வாதத்துக்காகக் கூட்டிச் சொன்னேன். இன்றைக்குக் கூட்டவில்லை."

அந்தப் பெண் அத்தோடு கேள்வியை முடித்து உட்கார்ந்துவிட்டாள். பீற்றரின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அப்போது தியாகராஜா அவருடைய தோளில் தட்டி ஏதோ குசுகுசுத்தார். பீற்றர் எழுந்து இன்னொரு சாட்சியைக் கூப்பிட அனுமதி கேட்டார். வழக்கை விசாரித்த நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சுருக்கமாக முடியுங்கள் என்றார்.

தியாகராஜா போய் அதே நாற்காலியில் இருந்தார்.

"முன் சாட்சியை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பீற்றர் கேட்டார்.

"தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவன் நான். அவருக்கு வாக்களிக்க வேண்டாமென்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னேன். இப்போதும் அவர் அளவுக்கு மிஞ்சிப் பேசுகிறவர் என்றுதான் சொல்வேன். அவரைப் பொய்யர் என்று சொல்லக் காரணம் உள்ள ஒரே மனிதன் இந்த அறையில் நான்தான்."

நடுவர் தலையை நிமிர்த்தினார்.

"நாங்கள் ஒரே மேசையில் வேலை செய்கிறோம். அவர் எழுதிய ஒவ்வொரு வாக்குமூலத்தையும் நான் வாசித்திருக்கிறேன். அலங்காரங்களை வெட்டியிருக்கிறேன், நிறைய. நடக்காத ஒன்றை வெட்ட வேண்டி வந்ததில்லை. சற்று முன்னர் தன்னுடைய குறையை அவரே ஒத்துக்கொண்டதை நீங்கள் கேட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் அதை ஒத்துக்கொண்டிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் வாக்கு விழுந்திருக்கும்."

நடுவர் சிரித்துவிட்டார். எதிர்த் தரப்புப் பெண்ணும் குனிந்து சிரிப்பை மறைத்தாள். அவள் தியாகராஜாவிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் சபாரத்தினம் படிக்கட்டில் நின்று தியாகராஜாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பேச முயன்றார்.

"பேச வேண்டாம்," என்றார் தியாகராஜா. "நீர் பேசத் தொடங்கினால் பஸ்ஸை விட்டிடுவம்."

சில வாரங்களில் தீர்ப்பு வந்தது. செல்வமலர் இங்கேயே இருக்கலாம். பீற்றரின் கந்தோருக்கு ஒரு பெட்டி லட்டு வந்தது. அவளுடைய கணவனைப் பற்றிய செய்தி மட்டும் பிறகும் வரவில்லை. ஒவ்வொரு புது வருடத்திலும் அவள் வந்து, புதிதாக இறங்கியவர்கள் யாராவது அவரைக் கண்டார்களா என்று மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்களிடம் கேட்டுவிட்டுப் போவாள்.

* * *

1994இல் இலங்கையில் மீண்டும் தேர்தல் நடந்தது. அது முடிந்த கையோடு கொழும்பிலிருந்து சபாரத்தினத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கட்சிக்குத் தேசியப் பட்டியலில் ஒரு நியமன ஆசனம் கிடைத்திருக்கிறது, அவர் வர வேண்டும் என்றார்கள்.

அந்த ஞாயிறு தவநாயகி ஆட்டிறைச்சிக் கறி வைத்திருந்தார். சாப்பிட்டு முடியும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சபாரத்தினம் செய்தியைச் சொன்னார்.

தியாகராஜா கையைக் கழுவாமல் அப்படியே இருந்தார்.

"சத்தியம்?"

"அதே சத்தியம்தான். எண்பத்து மூண்டில மாட்டன் எண்டு விட்டிட்டு வந்த அதே சொல்லுகள்."

"பிறகென்ன கதை? அப்ப எடுக்காதவர் இப்ப எடுக்கப் போறீரோ? ஒரு மனிசன் ஒரு சொல்லுக்காக ஆசனத்தை விட்டிட்டு வந்து கண்ணாடிக்குப் பின்னால இருந்து சிகரெட் வித்திருக்கிறான். அந்தச் சொல்லுக்கு இப்ப என்ன விலை? உம்மட கட்சி அண்டைக்கும் பிழை, இண்டைக்கும் பிழை. அங்க போய் நீர் ஒண்டும் செய்யேலாது. உமக்கு வயசு அறுபத்தேழு..."

அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. தவநாயகி தண்ணீர்க் குவளையைக் கொண்டுவந்து தியாகராஜாவின் முன்னால் வைத்தார்.

"அண்ணை, இவர் போறது உங்களுக்குப் பிடிக்கேல்லை. அதை அரசியல் எண்டு சொல்லாதையுங்கோ."

தியாகராஜா தண்ணீரைப் பார்த்தார். "ஓம் தங்கச்சி," என்றார். "பிடிக்கேல்லை."

கீழே தெருவில் ஒரு பிள்ளை சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனது.

"தியாகர்," என்றார் சபாரத்தினம், "சத்தியம் எடுக்கிறது சரியோ எண்டு எனக்குத் தெரியாது. ஆனால் நேற்றும் ஒரு மனிசி போன் பண்ணினவ. தாய்க்கு இன்சுலின் இல்லையாம், வடக்குக்கு மருந்து போகேல்லையாம். நான் இஞ்ச இருந்து ஒரு கடிதம் எழுதலாம். அங்க எண்டால் எழும்பி நிண்டு கேக்கலாம். கேட்டால் தருவினமோ தெரியாது. ஆனா கேக்க ஒரு ஆள் வேணுமெல்லே?"

தியாகராஜா கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மறுநாள் கந்தோரில் பேசவில்லை. அதற்கு அடுத்த நாளும் பேசவில்லை. சபாரத்தினம் எழுதிய ஒரு வாக்குமூலம் சிவப்புக் கீறல் ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது. அதுதான் அவரை அதிகம் வருத்தியது.

வியாழக்கிழமை தியாகராஜா வாயைத் திறந்தார்.

"போறதெண்டால் போம். ஒண்டு மட்டும் சொல்லுறன். சத்தியத்தை எடும். ஆரும் கேட்டால் ஓம், எடுத்தனான் எண்டு சொல்லும். அதுக்குப் பெரிய தத்துவ விளக்கம் குடுக்க வெளிக்கிடாதையும். சனம் உம்மை மன்னிக்கும், உம்மட விளக்கத்தை மன்னிக்காது."

தவநாயகிக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை விழுந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்கு முறை வந்திருந்ததால் அவர் பின்னால் வருவது என்று முடிவாயிற்று. சபாரத்தினம் தனியே புறப்பட்டார். ஹீத்ரோவுக்குத் தியாகராஜாதான் காரில் கொண்டுபோனார். வழியெல்லாம் மூன்று பேரும் வானிலையைப் பற்றியே பேசினார்கள். உள்ளே போகும் வாசலில் தவநாயகி கணவனுடைய மஃப்ளரைச் சரிசெய்தார்.

"கொழும்பில இது என்னத்துக்கப்பா?" என்றார் அவர்.

"பிளேனுக்குள்ள குளிரும்."

சபாரத்தினம் தியாகராஜாவின் பக்கம் திரும்பி, "இவவைப் பாத்துக்கொள்ளும்," என்றார்.

"அவதான் என்னைப் பாக்கிறா. நீர் உம்மைப் பாத்துக்கொள்ளும். கூட்டங்களில முன்வரிசையில இராதையும். ஆருக்கும் தெரிய ஒரே றோட்டால ஒவ்வொரு நாளும் போகாதையும்." தியாகராஜா அவருடைய முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளிவிட்டார்.

* * *

ஐப்பசியில் தவநாயகிக்கு ஒரு கண்ணில் ஒப்பரேஷன் நடந்தது. தியாகராஜா கூட்டிக்கொண்டு போனார், கூட்டிக்கொண்டு வந்தார். மருந்து விட வேண்டிய நேரங்களில் ஹவுன்ஸ்லோவிலிருந்து போன் பண்ணி நினைவூட்டினார். அந்த ஞாயிறு சமையலும் அவருடையதுதான். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. கண்ணில் கட்டோடு இருந்த தவநாயகி, நல்லாயிருக்கு அண்ணை என்று சொல்லிச் சாப்பிட்டார். பிறகு, தேத்தண்ணியாவது நானே போடுறன் என்று சுவரைத் தடவியபடி குசினிக்குள் போனார்.

அப்போது தொலைபேசி அடித்தது. கொழும்பிலிருந்து சபாரத்தினம். இரண்டு நாட்களுக்கு முன்னர் அவர் அவையில் முதல் பேச்சுப் பேசியிருந்தார்.

"சத்தியம் எப்பிடிப் போச்சுது?" என்று தியாகராஜா கேட்டார்.

"வாசிச்சன். பத்திரிகைக்காரர் கேட்டினம், ஓம் எடுத்தனான் எண்டு சொன்னன். வேற ஒண்டும் சொல்லேல்லை."

"நல்லது. பேச்சு?"

மறுமுனையில் கடதாசி சரசரத்தது.

"தியாகர், நாங்கள் பேசத் தொடங்கினவுடன அரைவாசிப் பேர் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போட்டினம். மருந்துக்குப் பொறுப்பான அமைச்சர் வரவேயில்லை. பேச்சைக் குறிச்சு எழுதிறவையள் இரண்டு பேரும் சபாநாயகரும்தான் கேட்டது. தூக்கம் வராமல் எழுதின பேச்சு. வெறும் கதிரையளுக்கு வாசிச்சிட்டு இருந்திட்டன்."

அந்தக் குரலைத் தியாகராஜாவுக்குத் தெரியும். கொட்டும் மழையில் பெற்றோல் நிலையத்திலிருந்து வெளியே வந்து காரில் ஏறிய மனிதரிடம் அன்றைக்கு இருந்த குரல் அது.

"கடதாசி உம்மட கையில இருக்கோ?" என்றார்.

"இருக்கு. ஏன்?"

"வாசியும்."

"என்ன விசர்க் கதை? இது கொழும்பில இருந்து வாற கோல்."

"எனக்கு வாசியும். நான் கேக்கிறன்."

சபாரத்தினம் தொண்டையைச் செருமினார். மாண்புமிகு சபாநாயகர் அவர்களே என்று தொடங்கினார். முதலில் தயங்கித் தயங்கி வாசித்தார். பிறகு குரல் வழிக்கு வந்தது. அலங்காரம் ஒன்றும் இல்லாத பேச்சு அது. எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் என்ன மருந்து முடிந்துவிட்டது, அதனால் யாருக்கு என்ன நடந்தது, அவ்வளவுதான். வெட்டுவதற்கு ஒரு சொல் இல்லை. தியாகராஜா சுவரில் சாய்ந்து, கண்களை மூடிக்கொண்டு கேட்டார்.

நடுவில் தவநாயகி தேத்தண்ணியோடு வந்தார். யார் பேசுவது என்று விளங்கியதும் கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். தியாகராஜா ரிசீவரை இருவர் காதுக்கும் நடுவில் பிடித்தார். இரண்டு பேரும் தலையைச் சாய்த்து அசையாமல் நின்றார்கள்.

பேச்சு முடிந்தது.

"தியாகர்? இருக்கிறீரோ? சத்தத்தைக் காணேல்லை."

"இருக்கிறம்," என்றார் தியாகராஜா. "தங்கச்சியும் நிக்கிறா. அவ முன்பக்கம் கேக்கேல்லை. முதலில இருந்து வாசியும்."